அந்தத் துப்பாக்கியை யார் வாங்கி வைப்பது?

தேர்தல் தேதி அறிவிப்பு வந்ததும் சென்னைக் காவல் நிலையங்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். தங்கள் எல்லைக்குள் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்வார்கள். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, தி. நகரில் வியாபாரி, அடையாறில் ரியல் எஸ்டேட் அதிபர் என்று ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் அந்தத் தகவல் போகும். துப்பாக்கியின் எண் பதிவேட்டில் ஏறும், கையில் ரசீது கிடைக்கும். தேர்தல் முடிந்து நடத்தை விதிகள் விலகியபின் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. 2024 மக்களவைத் தேர்தலின்போதும் தமிழகம் முழுக்க இதுதான் நடந்தது.

இதனால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. யாரும் மானம் போய்விட்டதாக நினைப்பதும் இல்லை. ஊர் பதற்றமாக இருக்கும் சில வாரங்களுக்கு ஆயுதம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

அதே துப்பாக்கி இருக்கும் ஒரு வீட்டில் மனைவி அடிவாங்குகிறார், ஒருநாள் துணிந்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இப்படி ஒரு தகவல் அந்த வீட்டுக்குப் போகுமா? கட்டாயம் போக வேண்டும் என்று நம் சட்டத்தில் ஒரு வரி இல்லை. ஆனால், போவதற்குத் தேவையான அதிகாரம் ஏற்கனவே இருக்கிறது. போக வேண்டும் என்பதற்கான அறிவியல் ஆதாரமும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து கிடக்கிறது.

சென்னையில் துப்பாக்கியா?

நியாயமான கேள்விதான். பனகல் பார்க் பக்கம் நகைக்கடை வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியைத் தவிர, சினிமாவுக்கு வெளியே துப்பாக்கியைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் குறைவு. 2016 இறுதியில் உள்துறை அமைச்சகம் திரட்டிய கணக்கின்படி இந்தியாவில் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம். தமிழகத்தின் பங்கு சுமார் 22,500.

வீட்டு வன்முறைக் கணக்கில் நாம் அப்படிப் பின்தங்கி நிற்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழகத்தில் 38.1 சதவீதம். நம் வீடுகளில் இந்த வன்முறையின் கருவி பெரும்பாலும் கை, பெல்ட், கட்டை. உச்சத்துக்குப் போனால் கத்தி, மண்ணெண்ணெய். துப்பாக்கி அரிது.

அரிது என்பதால் ஒதுக்கிவிட முடியாது. 2020 நவம்பரில் சவுகார்பேட்டையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கணவன்–மனைவி பிரிவைச் சுற்றிய தகராறே காரணம் என்றது காவல்துறை. 2023 ஜூலையில் புனேயில், வீட்டுக்கு வந்திருந்த ஒரு காவல்துறை உதவி ஆணையர் தன் மனைவியையும் உறவினர் மகனையும் சுட்டுக் கொன்றார். அடிதடியில் தொடங்கும் சண்டைகளில் பெரும்பாலானவை மருத்துவமனையோடு நின்றுவிடுகின்றன. துப்பாக்கி நுழைந்த சண்டை அப்படி நிற்பது கடினம். எண்ணிக்கை குறைவு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: மொத்தத் துப்பாக்கிகளே இவ்வளவு குறைவு என்றால், அவற்றில் எவை அபாயமான வீட்டில் இருக்கின்றன என்று பார்ப்பது எளிது. உத்தரப் பிரதேசத்துக்கு மலைப்பான வேலை, சென்னைக்குச் சில வாரங்களில் முடியக்கூடியது.

கருவி மாறினால் முடிவு மாறும்

'கொல்ல நினைத்தவன் துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தியை எடுப்பான்' என்பது இந்த விஷயத்தில் எல்லா ஊரிலும் கேட்கும் வாதம். 1968இல் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் என்ற சட்ட ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். சிகாகோ காவல்துறையின் பதிவேடுகளை எடுத்து, கத்தித் தாக்குதல்களையும் துப்பாக்கித் தாக்குதல்களையும் ஒப்பிட்டார். இரண்டு வகையிலும் பெரும்பாலானவை திட்டமிட்ட கொலை முயற்சிகள் இல்லை. வாய்ச்சண்டை முற்றி, கோபத்தில், பல நேரம் குடிபோதையில் நடந்தவை. சூழலும் நோக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், துப்பாக்கியால் தாக்கப்பட்டவர்கள் இறந்துபோகும் விகிதம் கத்தியால் தாக்கப்பட்டவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

'துப்பாக்கியை எடுத்தவனுக்குக் கொலைவெறி கூடுதலாக இருந்திருக்கும்' என்று எதிர்க்கேள்வி வந்தது. 1972இல் ஸிம்ரிங் துப்பாக்கிகளுக்குள்ளேயே ஒப்பிட்டார். சிறிய 0.22 அங்குலத் தோட்டாவைவிடப் பெரிய 0.38 அங்குலத் தோட்டா பாய்ந்தவர்கள் இருமடங்குக்கும் மேல் இறந்திருந்தார்கள். சண்டை மூண்ட நேரத்தில் தோட்டாவின் விட்டத்தை அளந்து பார்த்து யாரும் துப்பாக்கியை எடுப்பதில்லை. கோபத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும் கையில் இருக்கும் கருவி உயிரின் கணக்கை மாற்றிவிடுகிறது என்பது அப்போது உறுதியானது.

இதையே குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தார் லிண்டா சால்ட்ஸ்மேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் குடும்பத்தினருக்கும் துணைவர்களுக்கும் இடையே நடந்த தாக்குதல்களை அவர் குழு ஆராய்ந்தது. துப்பாக்கி சம்பந்தப்பட்ட தாக்குதல் மரணத்தில் முடியும் வாய்ப்பு, மற்ற தாக்குதல்களைவிட 12 மடங்கு என்று 1992இல் வெளியிட்டது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? எளிய இயற்பியல்தான். ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா 6 கிராம் எடை, விநாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அது சுமந்து வரும் ஆற்றல் 120 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் விரல்நுனியைவிடச் சிறிய இடத்தில் இறங்குகிறது. அதற்காகச் சுடுபவர் செலவழிப்பது ஒரு விரலின் அழுத்தம் மட்டும். கையாலோ கத்தியாலோ தாக்குபவர் நெருங்கி வர வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், மீண்டும் மீண்டும் ஓங்க வேண்டும். அந்த நேரத்துக்குள் பெண் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், மாமியார் குறுக்கே வரலாம், பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டலாம், அடிப்பவருக்கே புத்தி திரும்பலாம். உயிரைக் காப்பாற்றுவது பல நேரம் இந்த இடைவெளிதான். துப்பாக்கி தூரத்தையும் நேரத்தையும் உழைப்பையும் ஒருசேர நீக்கிவிடுகிறது. மனம் மாற வாய்ப்புள்ள நொடிகள் அங்கே கிடைப்பதில்லை.

ஒரு நாட்காட்டியும் 20 கேள்விகளும்

அடிக்கும் கணவர்கள் எல்லோரும் கொலை செய்வதில்லை. யார் அந்த எல்லையைத் தாண்டக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் 1980களில் இதற்கென ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தார். முதலில் பெண்ணின் முன் ஒரு நாட்காட்டியை வைப்பார்கள். கடந்த ஓராண்டில் அடிவாங்கிய நாட்களை அவரே குறிக்க வேண்டும். 'எப்பவாவது கை ஓங்குவார்' என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், தான் போட்ட குறிகள் மாதத்துக்கு மாதம் நெருங்கி வருவதை அப்போதுதான் கண்ணால் பார்ப்பார்.

அதன்பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி 20 கேள்விகள். அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? அவரிடம் துப்பாக்கி இருக்கிறதா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாரா? எப்போதாவது கழுத்தை நெரித்தாரா? அவருக்கு வேலை இல்லையா? உங்கள் அன்றாடத்தை முழுக்கக் கட்டுப்படுத்துகிறாரா? கடந்த ஓராண்டில் அவரைவிட்டுப் பிரிந்தீர்களா?

இந்தக் கேள்விகளின் எடை என்ன என்பதை கேம்பெல் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் 11 நகரங்களில் கணவர் அல்லது காதலரால் கொல்லப்பட்ட பெண்களின் தாய், சகோதரி, தோழிகளிடம் விவரம் கேட்டார்கள். அதே ஊர்களில் அடிவாங்கியும் உயிரோடு இருக்கும் பெண்களிடமும் அதே விவரம் கேட்டு ஒப்பிட்டார்கள். அடிப்பவர் கைக்குத் துப்பாக்கி எட்டும் என்றால் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் கூடியது. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஆணைவிட்டுப் பெண் பிரிந்தபின் அது ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஆனது. 2008இல் நான்சி கிளாஸ் குழு, முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டது.

அமெரிக்காவின் மடங்குகளை அப்படியே தி. நகருக்குக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே துப்பாக்கி தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் இரண்டு செய்திகள் எந்த ஊருக்கும் பொருந்தும். முதலாவது, அபாயம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பெண் 'போதும்' என்று வெளியேறும்போதும் புகார் கொடுக்கும்போதும் உச்சத்துக்குப் போகிறது. ஆயுதத்தை அப்புறப்படுத்த வேண்டிய நேரம் அதுதான். இரண்டாவது, எதிர்கால வன்முறையைக் காட்டிக்கொடுப்பதில் கடந்தகால வன்முறைக்கு இணையான அடையாளம் குறைவு. துப்பாக்கி கேட்டு விண்ணப்பிப்பவர் மன ஆரோக்கியத்துக்கும் உடல் தகுதிக்கும் மருத்துவரிடம் சான்று வாங்கித்தர வேண்டும் என்கின்றன நம் 2016 ஆயுத விதிகள். நல்ல ஏற்பாடு. ஆனால், மனைவியை அடிக்கும் ஆண்களில் மிகப் பலர் எந்த மனநலப் பரிசோதனையிலும் தேறிவிடுவார்கள். அவர்களைப் பற்றி அறிந்திருப்பவர் மனைவி. அவரிடம் யாரும் கேட்பதில்லை.

சென்னை வழியாகப் போன ஒரு வழக்கு

1995 ஜூலை 2ஆம் தேதி இரவு டெல்லியில் நைனா சாஹ்னி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் கணவர் சுஷில் சர்மா, அப்போது டெல்லி இளைஞர் காங்கிரஸ் தலைவர். உடலை ஓர் உணவகத்தின் தந்தூரி அடுப்பில் எரிக்க முயன்றதால் நாடு முழுவதும் 'தந்தூர் கொலை' என்றே பேசப்பட்டது. தலைமறைவான அவர் மெட்ராஸுக்கு வந்து, இங்குள்ள செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீனும் வாங்கிவிட்டார். சில நாட்களில் பெங்களூரில் சரணடைந்தார்.

அடுப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஊர் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. அது லைசென்ஸ் உள்ள 0.32 ரிவால்வர். நைனா அடிவாங்கியதும், அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டதும் நீதிமன்றச் சாட்சியங்களில் பதிவாகியிருக்கின்றன. சந்தேகம், அடி, கட்டுப்பாடு, துப்பாக்கி: கேம்பெலின் கேள்விகளில் பலவற்றுக்கு இந்த ஒரு வீட்டில் 'ஆம்' என்று பதில் இருந்தது. முதல் பிரேதப் பரிசோதனையில் தோட்டாக்கள் கண்ணில் படவே இல்லை. மருத்துவக் குழு செய்த இரண்டாவது பரிசோதனையில்தான் தலையிலும் கழுத்திலும் அவை கண்டுபிடிக்கப்பட்டன. விசாரணை நீதிமன்றம் விதித்த தூக்கு தண்டனையை 2013இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது.

தோட்டாவைப் படிக்கும் அறிவியல் நம் ஊருக்குப் புதிதில்லை. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் மெட்ராஸில் தொடங்கியது. இன்று மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறை அந்த மரபில் வந்தது. எந்தத் தோட்டா எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று உலோகக் கீறல்களை வைத்தே சொல்லிவிடும் திறமை நம்மிடம் உண்டு. அந்தத் திறமைக்கு வேலை வருவது ஒருவர் இறந்தபிறகு. இறப்பதற்கு முன் கேட்க வேண்டிய 20 கேள்விகளுக்கு ஆய்வகமோ மைக்ராஸ்கோப்போ தேவையில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர் தண்டனை முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. குடும்ப வன்முறை பெரும்பாலும் இந்தத் தடையில் சிக்குவதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு ஆணை தண்டனை ஆகாது. அந்த மனுக்கள் உரிமையியல் தன்மை கொண்டவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில் விளக்கியது. பல குடும்பங்களில் புகார் கவுன்சலிங்கோடு நின்றுவிடுகிறது. வழக்கானாலும் சமரசத்தில் முடிகிறது. ஆக, மனைவியை மூன்று ஆண்டுகள் அடித்தவரின் ரெக்கார்டு துப்பாக்கிச் சட்டத்தின் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும்.

ஆனால் வேறு வழிகள் திறந்திருக்கின்றன. 14ஆவது பிரிவின்படி, 'எந்தக் காரணத்தாலும் தகுதியற்றவர்' என்று நம்ப இடமிருந்தால் லைசென்ஸை மறுக்கலாம். 17ஆவது பிரிவின்படி, பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்றால் கொடுத்த லைசென்ஸை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். 22ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. ஒருவரிடம் ஆயுதத்தை விட்டுவைப்பது ஆபத்து என்று நம்பும் மாஜிஸ்திரேட், காரணத்தை எழுதிவைத்துவிட்டு அதைக் கைப்பற்றிப் பாதுகாப்பில் வைக்கலாம். அவரிடம் லைசென்ஸ் இருந்தாலும்கூட.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று, குடும்ப வன்முறைச் சட்டத்துக்காக 2006இல் வந்த விதிகளில் 10ஆவது விதி. மாஜிஸ்திரேட் எழுத்துமூலம் உத்தரவிட்டால், அந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. வீட்டைப் போய்ப் பார்ப்பது, நகைகளை மீட்டுத் தருவது, குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது என்று போகும் அந்தப் பட்டியலில், வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைத் தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு கைப்பற்றுவதும் ஒன்று. பெண்ணோடு கலந்து பேசிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவர் தயாரிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. துப்பாக்கியைப் பற்றிய கேள்வி இயல்பாக உட்கார வேண்டிய இடம் அந்தத் திட்டம்.

சென்னையில் இதற்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. பிற மாவட்டங்களில் துப்பாக்கி லைசென்ஸ் கலெக்டர் அலுவலகத்து விவகாரம். சென்னையில் அதை வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கி இன்று நகரெங்கும் பரவியிருக்கும் மகளிர் காவல் நிலையங்களும் அவருக்குக் கீழேதான் வருகின்றன. மனைவியின் மனு ஒரு கோப்பு, கணவனின் லைசென்ஸ் இன்னொரு கோப்பு. இரண்டும் ஒரே துறைக்குள் இருக்கின்றன. மனு வாங்கும் அன்றே லைசென்ஸ் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட ஒரு சுற்றறிக்கை போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஐந்து ஆண்டு மிக நீண்ட காலம்.

மற்ற நாடுகள் கற்றது

அமெரிக்கா 1994இல் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர்களும், 1996இல் குடும்ப வன்முறையில் சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களும் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. துப்பாக்கியை அரசியல் சாசன உரிமையாகக் கொண்டாடும் அந்த நாட்டிலேயே, ரகிமி வழக்கில் 2024 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் முதல் தடையை உறுதி செய்தது. இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையே இல்லை என்பதை நம் உச்ச நீதிமன்றம் 2023இல் நினைவூட்டியது.

தடைச் சட்டம் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? 1991 முதல் 2015 வரை அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. 'வைத்திருக்கக் கூடாது' என்பதோடு, கையில் இருப்பதை ஒப்படைத்தே தீர வேண்டும் என்றும் சட்டம் இயற்றிய மாநிலங்களில் துணைவரால் நடக்கும் கொலைகள் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தன. துப்பாக்கியால் நடந்தவை 14 சதவீதம் குறைவு. ஒப்படைக்கச் சொல்லாத மாநிலங்களில் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. தடை காகிதத்தில் இருக்கும்வரை துப்பாக்கி பீரோவில்தான் இருக்கும்.

கனடா இன்னும் முன்னாலேயே பிடிக்கிறது. லைசென்ஸ் விண்ணப்பத்தில், இப்போதைய மனைவியும் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணையும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால், விண்ணப்பம் வந்திருப்பதை அதிகாரி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறந்த உடனே துப்பாக்கி லைசென்ஸ் தானாக நிறுத்திவைக்கப்படுகிறது.

கைக்கு எட்டாமல் வைப்பது உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ் மண்ணிலும் பக்கத்துத் தீவிலும் வேறொரு துறையில் சான்று இருக்கிறது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சு வகைப் பூச்சிக்கொல்லிகளை அந்நாடு தடை செய்தது. பத்து ஆண்டில் விகிதம் ஏறக்குறைய பாதியானது. வறுமையும் போரும் குடியும் மறைந்துவிடவில்லை. கருவி மாறியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா அமைப்பின் நிறுவனர், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதி கிராமங்களில் ஒரு சோதனை செய்தார். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், தனித்தனிப் பூட்டுப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு. 2013இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தந்தன. மருந்தை யாரும் பறிக்கவில்லை. தேவைப்பட்டால் போய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் கிடங்குக்கும் இடையே நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் உயிரைக் காக்கக்கூடும். தேர்தல் நேரத்து ரசீது முறையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

எதிர்வாதங்கள்

'பொய்ப் புகார் கொடுத்தால்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே லைசென்ஸை ரத்து செய்யப் போதுமான காரணம் ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. சரியான நிலைப்பாடு. ஆனால் நிறுத்திவைப்பது வேறு, ரத்து செய்வது வேறு. விசாரணை முடியும்வரை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்பவர், புகார் பொய் என்று தெரிந்ததும் திரும்பப் பெறுவார். அவருக்கு நேரும் இழப்பு சில மாத அசௌகரியம். புகார் உண்மையாக இருந்து துப்பாக்கியும் வீட்டிலேயே இருந்தால் நேரும் இழப்பைத் திருப்பித்தர முடியாது.

'அப்படியென்றால் பெண்ணிடமே துப்பாக்கியைக் கொடுத்துவிடலாமே' என்போரும் உண்டு. 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் 500 கிராம் எடையுள்ள 0.32 ரிவால்வரைப் பெண்களுக்கென்றே கொண்டுவந்தது. விலை 1,22,360 ரூபாய். தெருவில் வரும் அந்நியனை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. 2022இல் வெளியான ஒரு கலிபோர்னியா ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. துப்பாக்கி இல்லாத வீடுகளோடு ஒப்பிட்டால், அவர்கள் வீட்டுக்குள் துணைவரால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, சண்டை நாளில் வலுத்தவர் கைக்குப் போய்விடுகிறது.

பணியின் பொருட்டு ஆயுதம் வைத்திருப்பவர்களின் நிலை தனி. காவல்துறையும் பாதுகாப்புப் படைகளும் தரும் துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. அவர்கள் மனைவி புகார் கொடுத்தால் ஆயுதக் கிடங்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டியவர் அவர்களின் மேலதிகாரி. இதற்கும் எழுத்தில் ஒரு உத்தரவு வேண்டும். சக ஊழியர் என்ற தயவில் விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டியது

அரசுக்கு மூன்று வேலைகள். மகளிர் காவல் நிலையத்தின் மனு விசாரணையிலும் பாதுகாப்பு அலுவலரின் திட்டத்திலும் 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?' என்ற கேள்வியைக் கட்டாயமாக்குவது. 'ஆம்' என்று பதில் வந்தால் அன்றே லைசென்ஸ் பிரிவுக்குத் தகவல் போய், தேர்தல் நேரத்தில் செய்வதுபோலத் துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் செய்வது. புதிய லைசென்ஸுக்கும் புதுப்பித்தலுக்கும் போலீஸ் விசாரிக்க வரும்போது, கணவர் அருகில் இல்லாமல் மனைவியிடம் தனியாகப் பேசுவது. இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. துப்பாக்கி உள்ள வீட்டில் உங்கள் மகளோ தங்கையோ தோழியோ அடிவாங்குகிறார் என்று தெரிந்தால், அந்தத் துப்பாக்கியை நீங்களாக எடுத்து ஒளித்துவைக்கப் போகாதீர்கள்; அது ஆபத்து, சட்டச் சிக்கலும்கூட. அவர் மனு எழுதும்போது பக்கத்தில் உட்காருங்கள். அடித்த தேதிகளோடு, துப்பாக்கி இருப்பதையும், அதைக் காட்டி மிரட்டியிருந்தால் அதையும், கழுத்தை நெரித்திருந்தால் அதையும் தனித்தனி வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ஆயுதத்தைக் கைப்பற்ற உத்தரவிடும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேட்க முடியும் என்பதை வக்கீலுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் நினைவூட்டுங்கள். வீட்டைவிட்டு வெளியேறுவதாக இருந்தால், போவதற்கு முன்பே 181 மகளிர் உதவி எண்ணில் பேசி, தங்க ஒரு இடத்தை உறுதி செய்யுங்கள். மனுவில் எழுதாத துப்பாக்கியைத் தேடி எந்த அதிகாரியும் வர மாட்டார். அந்த ஒரு வரியை எழுதவையுங்கள்.